இடது தட்டு

காலையில் முதல் வேலை தட்டைச் சரிபார்ப்பது.

கோல்ஃப் பயிற்சிக்கூடத்தின் கடைசி அறையில், பச்சை விரிப்புக்கு அடியில், இரண்டு இரும்புத் தட்டுகள் தரையோடு தரையாகப் பதிக்கப்பட்டிருந்தன. வலது காலுக்கு ஒன்று, இடது காலுக்கு ஒன்று. மட்டையை வீசுகிறவர் எந்தக் காலால், எந்தக் கணத்தில், எவ்வளவு அழுத்துகிறார் என்பதை அவை சொல்லும். அழுத்துகிற அளவுக்குத் தரை திருப்பித் தள்ளும். அந்தத் தள்ளல் முழங்கால் வழியாக ஏறி, இடுப்பைத் திருப்பி, தோளைத் திருப்பி, கடைசியில் பந்தில் போய் முடியும். கை வெறும் கயிறு என்பார் கோச். அடிப்பது தரைதான்.

தட்டு சரியாக இருக்கிறதா என்று பார்க்க, எடை தெரிந்த ஒன்றை அதன்மேல் வைக்க வேண்டும். அதற்கென்று இரும்பு எடைகள் சாமான் அறையில் இருந்தன. தூக்கி வருவது சிரமம். கோச்சுக்கு மனைவி இருந்தாள்.

"எடைக்கல், வா. ஏறு."

அவள் முதலுதவி அறைத் தராசில் ஏறி எடையைப் பார்த்துவிட்டு வருவாள். எண்ணைக் கோச்சிடம் மட்டும் மெல்லச் சொல்வாள். செருப்பைக் கழற்றிவிட்டு முதலில் வலது தட்டில் நிற்பாள், பிறகு இடது தட்டில். இரண்டு தடவையும் அதே எண் சுவர்த் திரையில் வரும். ஒவ்வொரு இலக்கமும் ஒரு கை நீளம் இருக்கும். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் தேநீர் இயந்திரத்தின் அருகில் நிற்பவர்களுக்குக்கூடத் தெரியும்.

காலை நேரத்து உறுப்பினர்கள் புள்ளிக்குப் பிறகு என்ன வரும் என்று பந்தயம் கட்டுவார்கள். தோற்றவர் தேநீர் வாங்க வேண்டும். எண்ணை உரக்க வாசிப்பது கோச்சின் தங்கை.

"எண்பத்தெட்டு புள்ளி நாலு. அண்ணி, நேத்து ராத்திரி யார் தட்டுல இருந்ததையும் சேத்துச் சாப்பிட்டீங்களா?"

சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். செருப்பை மாட்டிக்கொண்டு கணினிக்குத் திரும்புவாள்.

திரையை அணைத்துவிட்டுப் பார்க்கலாமே என்று ஒரு முறை கணவரிடம் கேட்டிருக்கிறாள்.

"எல்லாரும் பாக்கணும். நம்ம இடத்துல ஒளிவு மறைவு கிடையாது. அதுக்காகத்தான் ஜனங்க இங்க வராங்க" என்றார் கோச். "நீ என்ன வயசுப் பொண்ணா, வெக்கப்பட."

கூடத்தில் எல்லாரும் அவளை அண்ணி என்றே கூப்பிட்டார்கள், தங்கை கூப்பிடுவதைக் கேட்டு. அண்ணி உடல் இயக்கவியல் படித்தவள். ஒரு பல்கலைக்கழகத்தில் இதே மாதிரித் தட்டுகளோடு வேலை பார்த்தவள். கோச் அங்கேதான் தன் வீச்சை அளந்துகொள்ள வந்தார். தட்டுகள் வரைந்த வளைகோடுகளை அவள் விளக்கினாள். இவ்வளவு தெளிவாக யாரும் தனக்குச் சொன்னதில்லை என்றார். இப்போது வளைகோடுகளைக் கோச்சே எல்லாருக்கும் விளக்கினார், அவளுடைய வார்த்தைகளில்.

தங்கைக்குத் தவளை என்று பெயர் வைத்ததும் அவர்தான். குள்ளம். ஒல்லி. ஆனால் மட்டை பந்தைத் தொடும்போது அவளுடைய இரண்டு பாதங்களும் தரையை விட்டு எழும்பும். அதற்கு ஒரு கணம் முன்னால் இடது காலால் தன் எடையைப்போல் இரண்டு மடங்கு தரையை மிதித்திருப்பாள். ஆறடி ஆண்கள் அடிக்கிற தூரத்தை அவள் அடித்தாள். புதிதாக வருகிறவர்களுக்கு அவளைத்தான் முதலில் காட்டுவார்கள்.

அந்த வருடம் கோல்ஃப் சங்கத்தின் அணியில் பெண்களுக்கு ஒரே ஒரு இடம் காலியாக இருந்தது. தவளைக்கும் வேறொரு கூடத்தைச் சேர்ந்த உயரமான பெண்ணுக்கும் போட்டி. தேர்வாளர்கள் இந்த அறைக்கே வந்து இரண்டு பேரையும் அளப்பதாக ஏற்பாடு. வெள்ளிக்கிழமை. ஊரில் நல்ல தட்டு இருந்தது இங்கே மட்டும்தான். கோச்சுக்கு அதில் பெருமை.

தவளையின் வளைகோட்டில் அண்ணி அந்தப் பள்ளத்தைப் பார்த்தது அதற்கு முந்தைய வாரத்தில்.

இடது காலின் கோடு செங்குத்தாக ஏறி, உச்சியில் கூர்மையாகத் திரும்பி இறங்கும். வருடக்கணக்காக அவள் பார்த்துவரும் கோடு. இப்போது உச்சிக்குச் சற்று முன்னால், ஏறுகிற வழியில், சின்னதாக ஒரு இடத்தில் கோடு உள்வாங்கியது. நகத்தால் கீறியது போல. மிதிக்கப் போன கால் மிதிக்கலாமா என்று ஒரு கணம் யோசித்திருக்கிறது. யோசித்தது தவளை அல்ல. கால்.

முதலில் தட்டைத்தான் சந்தேகப்பட்டாள். எல்லாரும் போன பிறகு சாமான் அறையிலிருந்து இரும்பு எடைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து இரண்டு தட்டிலும் வைத்துப் பார்த்தாள். தட்டுகளில் பிசகு இல்லை. எடைகளைத் திரும்பக் கொண்டுபோய் வைத்தாள்.

பிறகு தவளையைக் கவனித்தாள். படியிறங்கும்போது கைப்பிடியைத் தொட்டாள். முன்பெல்லாம் தொட மாட்டாள். ஷூவைக் கழற்றியதும் இடது பாதத்தின் மேல்பக்கத்தை, கணுக்காலுக்குச் சற்று முன்னால், கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டாள். அந்த இடத்தில் ஒரு சின்ன எலும்பு இருக்கிறது. ரத்த ஓட்டம் குறைவு. விரிசல் விட்டால் லேசில் கூடாது. விரிசலோடு குதித்தால் பிளந்துவிடும். அண்ணி அதைப் படித்திருந்தாள். பல்கலைக்கழகத்தில் அப்படி ஓடி ஓடி முடிந்துபோன ஒருத்தியின் கோடுகளைக்கூட அவள் பார்த்திருந்தாள். அவளுடைய கோட்டிலும் முதலில் இந்தப் பள்ளம்தான் வந்தது.

வீட்டில் கோச் சாப்பாட்டு மேசைமேல் மட்டைகளைப் பரப்பிவைத்து, பழைய பல்துலக்கியால் அவற்றின் முகத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவள் மடிக்கணினியைத் திறந்து அவர் பக்கம் திருப்பினாள்.

"இதைப் பாருங்க."

பார்த்தார். அவருக்குத் தெரிந்தது. கோடு வாசிக்கச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தானே.

"வலின்னு அவ சொல்லலியே."

"சொல்ல மாட்டா. விரிசல் இருக்கும்னு நினைக்கிறேன். ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துடலாம்."

"எடுத்தா?"

"இருந்துச்சுன்னா ரெண்டு மாசம் கட்டு. கட்டுப் போட்டா கூடிடும்."

"வெள்ளிக்கிழமை?"

அவள் மடிக்கணினியை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் தள்ளினாள்.

கோச் ஒரு மட்டையை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் தேய்த்தார்.

"வெள்ளி வரைக்கும் தாங்குமா?"

"தாங்கலாம். தாங்காமலும் போகலாம்."

"அப்ப தாங்கும்." மட்டையைத் துணியில் துடைத்துப் பையில் செருகினார். "அவகிட்ட எதையும் உளறி வைக்காத. மனசுல ஏறிடுச்சுன்னா குதிக்க மாட்டா. குதிக்காத தவளையை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?"

"உங்க தங்கச்சிங்க."

"அதான் சொல்றேன். என் தங்கச்சி. நீ எங்க குடும்பத்து நடுவுல வராத."

அவள் மடிக்கணினியை மூடினாள். தவளையிடம் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டுதான் படுத்தாள். கணவர் கத்துவார். கத்தட்டும்.

மறுநாள் தட்டைச் சரிபார்க்கும் நேரத்தில் கூட்டம் வழக்கத்தைவிட அதிகம். ஏதோ ஒரு அலுவலகத்திலிருந்து, விளையாட்டைப் பழகிப் பார்க்கலாம் என்று, கழுத்தில் அடையாள அட்டையோடு ஒரு கும்பல் வந்திருந்தது. தவளை அவர்களைக் கண்ணாடிச் சுவரோரம் வரிசையாக நிறுத்தினாள்.

"இதுதான் எங்க எடைக்கல். எங்க அண்ணா கல்யாணம் பண்ணிக் கொண்டுவந்தது. உலகத்துலயே புடவை கட்டற எடைக்கல் எங்ககிட்ட மட்டும்தான் இருக்கு. புள்ளிக்கு அப்புறம் என்னன்னு சொல்லுங்க பாப்போம்."

அந்நிய மனிதர்கள் தயங்கினார்கள். ஒருவர் "மூணு" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. "தைரியமாச் சொல்லுங்க, அண்ணி கோவிச்சுக்க மாட்டாங்க" என்றாள் தவளை. பிறகு எல்லாரும் சொன்னார்கள். அண்ணி வலது தட்டில் நின்றாள். இடது தட்டில் நின்றாள். தவளை எண்ணை வாசித்தாள். கைதட்டினார்கள்.

அண்ணி செருப்பை மாட்டிக்கொண்டாள். மத்தியானம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

மத்தியானம் தவளையே வந்தாள். அறையில் வேறு யாரும் இல்லை. கதவைச் சாத்திவிட்டு, சக்கரம் வைத்த மேசை நாற்காலியொன்றைக் கணினிப் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, தோளோடு தோள் உரச உட்கார்ந்தாள்.

"அண்ணி, என் கிராஃபைக் கொஞ்சம் காட்டுங்களேன். காலைல அடிச்சது."

அண்ணி காட்டினாள்.

தவளை விரலைத் திரையில் வைத்தாள். சரியாக அந்த இடத்தில்.

"இது என்ன, இந்தப் பள்ளம்? முன்னாடி இருக்காதே."

அண்ணி அவளுடைய விரலைப் பார்த்தாள். நகத்தில் பூச்சு உரிந்திருந்தது.

"அண்ணாகிட்டச் சொல்லாதீங்க. கால் கொஞ்சம் வலிக்குது. பாதத்துக்கு மேல. குதிக்கறதுக்கு முன்னாடி சுருக்குனு இருக்கு. ஒண்ணும் இல்லன்னுதான் நினைக்கிறேன். ஆனா கிராஃப்ல வருதுன்னா..." நிறுத்தினாள். "நீங்க ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டீங்கன்னா நான் நிம்மதியா அடிப்பேன். ஏதாவது இருக்குன்னு சொன்னா இப்பவே போய் ஸ்கேன் எடுத்துடறேன். இந்த வருஷம் போனாப் போகுது. கால் போச்சுன்னா எனக்கு வேற என்ன தெரியும், சொல்லுங்க. உங்களை மாதிரி ஒரு இடத்துல உக்காந்துகிட்டுக் காலத்தை ஓட்ட என்னால முடியாது அண்ணி. செத்துடுவேன்."

பெண் மனம் விட்டுத்தான் பேசினாள். குத்த வேண்டும் என்று சொல்லவில்லை. குத்த வேண்டும் என்று அவள் எதையுமே சொன்னதில்லை.

அண்ணி மவுஸை நகர்த்திக் கோட்டைப் பெரிதாக்கினாள். பள்ளம் திரை அகலத்துக்கு விரிந்தது. கொஞ்ச நேரம் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"இது உன் கால் இல்ல. தட்டு" என்றாள். "இடது தட்டுல கொஞ்ச நாளா கோளாறு. எல்லாருக்கும் இப்படித்தான் வருது."

"நிஜமாவா?"

"பழைய தட்டுதானே. உங்க அண்ணாகிட்ட மாத்தணும்னு சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன்."

தவளை மூச்சை விட்டாள். அண்ணியின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

"நல்ல வேளை. வலி வந்து, சதைப்பிடிப்பா இருக்கும், இல்ல?"

"வெந்நீர்ல உப்புப் போட்டு வை."

வியாழக்கிழமை இரவு அண்ணியே வெந்நீர் வைத்துக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை தேர்வாளர்கள் இரண்டு பேர் வந்தார்கள். தொப்பி போட்ட ஒரு வயதான ஆள். கண்ணாடி போட்ட ஒரு பெண். தட்டைச் சரிபார்ப்பதை அவர்கள் முன்னால் செய்ய வேண்டியிருந்தது. தவளை அன்றைக்கு வேடிக்கை பண்ணவில்லை. எண்ணை மட்டும் வாசித்தாள். தொப்பிக்காரர் தராசின் எண்ணோடு ஒப்பிட்டுத் தலையாட்டினார்.

"நல்ல தட்டு" என்றார்.

தவளை அப்போது மணிக்கட்டை உதறிக்கொண்டு நின்றாள். அது அவள் காதில் விழுந்திருக்க வேண்டும்.

ஆளுக்கு ஐந்து அடி. மட்டையின் வேகம்தான் கணக்கு. ஐந்தில் சிறந்தது எடுத்துக்கொள்ளப்படும். உயரமான பெண் முதலில் அடித்தாள். அவள் குதிக்கவில்லை. நீளக் கைகளை நிதானமாகச் சுற்றினாள். நல்ல எண். கோச் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தவளையின் முதல் அடி அதற்குக் கீழே வந்தது. இரண்டாவதும், மூன்றாவதும்.

"மிதிடீ" என்றார் கோச். "தரையைக் கொஞ்சிக்கிட்டிருக்க. மிதிச்சாத்தான் அது தரும்."

நான்காவது இன்னும் கீழே போனது. அண்ணியின் கணினியில் பள்ளம் கோட்டை இரண்டாக உடைத்திருந்தது. இரண்டு குன்றும் நடுவில் ஒரு ஓடையும்.

தவளை திரும்பி அண்ணியைப் பார்த்தாள். உதடு வெளுத்திருந்தது. புருவத்தை மட்டும் உயர்த்தினாள். தட்டுதானே?

அண்ணி ஆமாம் என்று தலையை அசைத்தாள். பிறகு பொத்தானை அழுத்தினாள். சுவர்த் திரையில் பச்சை விளக்கு வந்தது. அடிக்கலாம் என்று அர்த்தம்.

தவளை குனிந்து பந்தைப் பார்த்தாள். மட்டையைப் பின்னால் கொண்டுபோனாள். வலது காலில் முழுவதும் ஏறி, அங்கிருந்து இறங்கி, இடது காலால் தரையை மிதித்தாள். எழும்பினாள். பந்து வலையில் மோதியது. அவள் இறங்கினாள். இடது கால் அவளைத் தாங்காமல் மடிந்தது. சத்தம் எதுவும் வரவில்லை. விரிப்பில் உட்கார்ந்திருந்தாள், யாரோ உட்காரச் சொன்னது போல. அதற்குப் பிறகுதான் கத்தினாள்.

கண்ணாடி போட்ட பெண் ஓடினாள். கோச் சுவரைப் பார்த்தார். உயரமான பெண்ணின் எண்ணைத் தாண்டியிருந்தது. தவளை இதுவரை அடித்ததிலேயே பெரியது.

"பதிவாயிடுச்சா?" என்றார்.

"ஆயிடுச்சு" என்றாள் அண்ணி.

அந்தக் கடைசிக் கோட்டில் பள்ளம் இல்லை. நேராக ஏறி நேராக இறங்கியிருந்தது. பாடப் புத்தகத்தில் போடலாம்.

இடம் உயரமான பெண்ணுக்குப் போயிற்று. நிற்க முடியாதவளை அணியில் எடுக்க முடியாது என்று தொப்பிக்காரர் சொன்னார். எண்ணைப் பற்றிக் கோச் கொஞ்ச நேரம் வாதாடினார். மாதம் முடிவதற்குள் உயரமான பெண்ணையே தன் கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அங்கே தட்டு இல்லை, இங்கே இருக்கிறது என்றார். அவளுக்குக் கொக்கு என்று பெயர் வைத்தார்.

தவளையின் எலும்பு இரண்டாகப் பிளந்திருந்தது. திருகாணி போட்டார்கள். ஒரு தடவை போட்டது பிடிக்காமல் பிரித்து மறுபடி போட்டார்கள். அண்ணன் வீட்டில், ஜன்னலோரக் கட்டிலில், காலை மூன்று தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு கிடந்தாள். அண்ணி சாப்பாடு கொண்டுவந்து வைத்தாள். தலைக்கு ஊற்றிவிட்டாள். குளியலறைக்கு இடுப்பைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனாள். தவளைக்கு எடையே இல்லை.

"நீங்க இல்லன்னா நான் என்ன ஆகியிருப்பேன் அண்ணி" என்பாள் தவளை. "அண்ணா எட்டிக்கூடப் பாக்கறதில்ல."

"அவருக்கு வேலை இருக்கு."

"நான் உங்களை எவ்ளோ கேலி பண்ணியிருக்கேன்."

"அதெல்லாம் நான் மனசுல வச்சுக்கல" என்று அண்ணி சொல்லி, ஈரத் தலையைத் துவட்டுவாள்.

காலை ஊன்றலாம் என்று மருத்துவர் சொன்ன மறுநாள், தவளை ஊன்றுகோல்களோடு பயிற்சிக்கூடத்துக்கு வந்தாள். அவளே கேட்டு வந்தாள். தட்டில் நிற்க வேண்டும் என்றாள். காலை நேரத்து உறுப்பினர்கள் எழுந்து வழிவிட்டார்கள். ஒருவர் தேநீர் வாங்கிக் கொடுத்தார். கொக்கு அப்போதுதான் அடித்து முடித்து, விரிப்பின் ஓரத்தில் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

அன்றைய சரிபார்ப்பு இன்னும் நடந்திருக்கவில்லை. கோச் தாமதமாக வந்திருந்தார். யாருக்கும் அது ஞாபகம் வரவில்லை.

தவளை ஊன்றுகோல்களைச் சுவரில் சாய்த்தாள். தட்டுக்கொரு காலாக வைத்து நின்றாள். நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள்.

வலது பக்கம் அவளுடைய எடை கிட்டத்தட்ட முழுவதும் இருந்தது. இடது பக்கம் ஒற்றை இலக்கம்.

"இன்னும் ஊணு" என்றார் கோச்.

ஊன்றினாள். கழுத்து நரம்பு புடைத்தது. எண் மாறவில்லை.

"என்னடி, இடது காலை வீட்டுலயே வச்சுட்டு வந்துட்டியா?"

கொக்கு சிரித்துவிட்டாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். உறுப்பினர்களில் இரண்டு பேர் கோப்பைக்குள் பார்த்தார்கள்.

தவளையும் சிரித்தாள்.

"என் கால் இல்லண்ணா. தட்டு. அண்ணி அப்பவே சொன்னாங்களே, இடது தட்டுல கோளாறுன்னு. இன்னும் மாத்தலியா நீங்க?"

"எப்பச் சொன்னா?" கோச் மனைவி பக்கம் திரும்பினார். "என்ன கோளாறு? எனக்குத் தெரியாம?"

எல்லாரும் அண்ணியைப் பார்த்தார்கள். தவளையும் பார்த்தாள். ஊன்ற முடியாத காலை ஊன்றிக்கொண்டு, ஆமாம் என்ற ஒரு வார்த்தைக்காக நின்றாள்.

அண்ணி கணினி மேசையிலிருந்து எழுந்தாள். முதலுதவி அறைக்குப் போய்த் தராசில் ஏறி இறங்கிவிட்டு வந்தாள்.

"எண்பத்தொம்பது புள்ளி ரெண்டு" என்றாள்.

யாரும் பந்தயம் கட்டவில்லை. அவள் செருப்பைக் கழற்றினாள். தவளையின் கையைப் பிடித்து மெல்ல நகர்த்தி, ஊன்றுகோல்களை அவளிடம் எடுத்துக் கொடுத்தாள். பிறகு இடது தட்டில் ஏறி இரண்டு கால்களையும் சேர்த்து வைத்து நின்றாள்.

சுவரில் எண் வந்தது.

தவளை பழக்க தோஷத்தில் வாசிக்க ஆரம்பித்தாள். "எண்பத்தொம்பது புள்ளி..."

நிறுத்தினாள். சுவரைப் பார்த்தாள். அண்ணியைப் பார்த்தாள். மறுபடி சுவரைப் பார்த்தாள்.

"தட்டு சரியாத்தான் இருக்கு" என்றாள் அண்ணி.

"அன்னிக்கு?"

அண்ணி இறங்கி வந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். இடது செருப்பின் வார் முறுக்கியிருந்தது. குனிந்து சரிசெய்துகொண்டாள்.

"தினமும் நீதானே வாசிச்ச."